படகில் எந்த ஃபியூஸ் போடுவது?

ஃபியூஸ் முதலில் காப்பது வயரைத்தான். அதனால் வயர் தாங்கும் ஆம்பியரை அது ஒருபோதும் தாண்டக்கூடாது. 12 வோல்ட் பேட்டரியில் 60 வாட் விளக்கு 5 ஆம்பியர் இழுக்கும். கால் பங்கு கூட்டினால் 6.25, அடுத்த அளவான 7.5 ஆம்பியர், பழுப்பு நிற பிளேடு ஃபியூஸ் போடுங்கள். வயர்லெஸ் செட், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் இரண்டுக்கும் கணக்கே வேண்டாம், மேனுவலில் போட்டிருப்பதையே வாங்குங்கள்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். அதற்கு முன்னுள்ள வயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? பெரிய ஃபியூஸோ செப்புக் கம்பியோ வைத்துவிடாதீர்கள், நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை. முதலில் ஹோல்டரைக் கழற்றி, முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புக்காற்றில் அரித்த முனை சூடேறியே ஃபியூஸைப் போக்கிவிடும்.