குழந்தை அழுகிறது, வலிதானா? மரப்பு ஊசிக்குப் பிறகு வலியை அளக்கும் முறை

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த இரண்டு வயதுக் குழந்தையிடம் "எங்கே கண்ணு வலிக்குது?" என்று கேட்டால் பதில் வராது. அழும், இல்லாவிட்டால் அம்மாவைத் தேடும். அதனால் நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை வார்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோர் படித்தாலும் புரியும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 12 கிலோ எடையுள்ள பையன், ஹெர்னியா ஆபரேஷன். பொது மயக்கம் கொடுத்துத் தூங்கவைத்த பிறகு, வால் எலும்புக்குச் சற்று மேலே 'காடல்' எனப்படும் மரப்பு ஊசி போட்டிருக்கிறார்கள். மருந்து 0.25 சதவீத பியூபிவகெய்ன், கிலோவுக்கு 1 மில்லி, ஆக 12 மில்லி. இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்துப்போகும்.

படி 1: கேஸ் ஷீட்டில் ஊசி போட்ட நேரத்தைப் பாருங்கள்

ஆபரேஷன் முடிந்த நேரம் வேறு, ஊசி போட்ட நேரம் வேறு. கணக்கு ஊசி நேரத்திலிருந்துதான். பியூபிவகெய்ன் மட்டும் போட்டிருந்தால் 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். குளோனிடின் போன்ற மருந்து சேர்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் நீளும். காலை 9 மணிக்குப் போட்ட ஊசி மதியம் 1 மணிக்குமேல் விடத் தொடங்கும். தியேட்டரிலேயே பாரசிட்டமால் கொடுத்தார்களா, எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தொடாமல் பாருங்கள்

போனவுடன் கட்டைப் பிரித்துப் பார்க்காதீர்கள். நீங்கள் தொட்டதால் வந்த அழுகையையும் வலிக்கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். போர்வையை மட்டும் மெதுவாக விலக்கி, குழந்தை விழித்திருந்தால் இரண்டு நிமிடம், தூங்கினால் ஐந்து நிமிடமாவது பாருங்கள்.

படி 3: ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண் போடுங்கள்

இதற்கு 'ஃபிளாக்' என்ற அளவுகோல் இருக்கிறது. 1997இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்டது. 2 மாதம் முதல் 7 வயது வரை பொருந்தும். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று போட வேண்டும்.

- முகம்: சாதாரணமாக இருந்தால் 0. அவ்வப்போது சுளித்தால் 1. தாடை நடுங்குவதும் சுளிப்பதும் விடாமல் இருந்தால் 2.
- கால்கள்: தளர்வாக இருந்தால் 0. நிலைகொள்ளாமல் விறைத்தால் 1. உதைத்தாலோ மடக்கி இழுத்துக்கொண்டாலோ 2.
- உடல் அசைவு: அமைதியாகப் படுத்திருந்தால் 0. நெளிந்தால் 1. வில்லாக வளைந்தாலோ துள்ளினாலோ 2.
- அழுகை: இல்லையென்றால் 0. முனகல் 1. விடாத அழுகை, அலறல் 2.
- தேற்றினால் அடங்குதல்: தானே நிம்மதியாக இருந்தால் 0. தூக்கினால், பேச்சுக் கொடுத்தால் அடங்கினால் 1. அம்மா தூக்கியும் அடங்காவிட்டால் 2.

மொத்தம் 10. 1 முதல் 3 வரை லேசானது, 4 முதல் 6 நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை.

படி 4: கால்களை நம்பிவிடாதீர்கள்

காடல் போட்ட குழந்தைக்குக் கால் தளர்ந்திருக்கலாம். உதைக்க முடியாத குழந்தைக்குக் காலில் 0 போட்டுவிட்டு "வலி இல்லை" என்று முடிவெடுப்பது பெரிய தவறு. அப்போது முகத்துக்கும் தேற்றுதலுக்கும் அதிக கவனம் கொடுங்கள். கால் மரத்திருந்தது என்று மதிப்பெண் பக்கத்திலேயே எழுதுங்கள். மரத்த கால் புரியாமல் பயந்து அழும் குழந்தைகளும் உண்டு. மடியில் வைத்துக் காலை நீவிவிட்டால் பல நேரம் சமாதானமாகிவிடும். ஊசி போட்டு 6 மணி நேரம் தாண்டியும் கால் அசையவில்லையா? காத்திருக்காமல் மயக்க மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படி 5: வேறு காரணம் இருக்கிறதா?

காலையிலிருந்து வெறும் வயிறு, பசி இருக்கும். செவோஃபுளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்த மயக்கத்திலிருந்து எழும் சில குழந்தைகள் முதல் அரை மணி நேரம் அம்மா முகத்தையே பார்க்காமல், எங்கோ வெறித்தபடி கத்தித் துள்ளும். அது பெரும்பாலும் மயக்கம் தெளியும்போது வரும் குழப்பம். அப்படிப் பார்வை நிலைக்காமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் வலி என்றே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்வதுதான் நியாயம். பச்சிளம் குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, போதிய வலிமருந்து இல்லாமலேயே ஆபரேஷன் செய்த காலம் 1980கள் வரை இருந்தது. அந்தப் பழைய நினைப்பின் மிச்சம் நம் வார்டுகளில் இருக்கக் கூடாது.

படி 6: மரப்பு விடுவதற்கு முன்பே மருந்து

வலி ஏறியபின் துரத்துவது கஷ்டம். மருத்துவர் எழுதிய பாரசிட்டமாலை மரப்பு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். தியேட்டரில் கொடுத்த டோஸிலிருந்து 6 மணி நேர இடைவெளி முக்கியம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் நம் பையனுக்கு 180 மில்லிகிராம். சரி, எத்தனை மில்லி? 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. முதலாவதில் 7.2 மில்லி, இரண்டாவதில் 3.6. பாட்டிலைப் படிக்காமல் ஊற்றினால் பாதியோ இரட்டிப்போ ஆகிவிடும். கோடீன் என்ற வலிமருந்து 12 வயதுக்குக் கீழே வேண்டாம், சில குழந்தைகளுக்கு மூச்சையே அடக்கிவிடும்.

மதிப்பெண் 4 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் சொல்லி அடுத்த மருந்து வாங்குங்கள். வாய்வழி மருந்து கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி அளந்து எழுதுங்கள்.

அப்புறம், அம்மாவிடம் கேளுங்கள்: "வீட்ல அழுற மாதிரிதான் அழுறானா?" இல்லை என்றால் அதையும் ஷீட்டில் எழுதி, ஷிப்ட் மாறும்போது அடுத்த சிஸ்டரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.