தைவான் போனால் தேநீரை அரைத்துக் குடித்துப் பாருங்கள்

தைவானின் சின்ச்சு பகுதியில் பெய்பூ என்றொரு ஊர், ஹக்கா என்னும் சீன இனக்குழுவினர் வாழ்வது. அங்குள்ள பழைய தேநீர்க் கடைகளில் 'லெய் சா' (அரைத்த தேநீர்) கேட்டால் கோப்பை வராது; உட்புறம் முழுக்க வரி வரியாகக் கீறிய மண்சட்டியும் நீளமான மர உலக்கையும் வரும். அரைப்பது நம் வேலை!

சட்டியை மடியில் இடுக்கிக்கொள்ளுங்கள். தேயிலை, எள், வேர்க்கடலை, பூசணி விதை எல்லாம் அதற்குள். பலர் இடிக்கத்தான் பார்ப்பார்கள். இடிக்கக் கூடாது, ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றுவதுபோல், வரிகளில் உரசும்படி சுற்ற வேண்டும். முதலில் பொடியாகும், பிறகு விதைகள் எண்ணெய் கக்கி, விழுதாகி உலக்கையில் ஒட்டும். கை வலிக்கிறதே என்று பாதியில் விட்டால் குடிக்கும்போது திப்பி திப்பியாக மாட்டும். அதனால் தனியாகப் போகாதீர்கள், மாற்றி மாற்றி அரைக்க ஆள் வேண்டும்.

விழுதில் வெந்நீர் ஊற்றிக் கலக்கி, மேலே அரிசிப் பொரி தூவினால் ஆயிற்று. பொரி நமத்துப்போகும் முன் குடித்துவிடுங்கள். வயிறு நிறைந்துவிடும் (எனக்குக் கஞ்சி ஞாபகம்தான் வந்தது), சாப்பிட்ட கையோடு போக வேண்டாம். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் தொடவே வேண்டாம்.

மலேசியாவில் இதே பெயரில் கேட்டால் சோறும் கீரையும் காய்கறியும் வரும். அது உப்புச் சுவை, முழுச் சாப்பாடு.