கூத்துக்கு உடுப்புத் தைக்க வருபவர்கள் விடும் பிழைகள்

நான் முதன்முதல் தைத்த துரியோதனன் உடுப்பு படத்தில் பார்த்தால் இன்றைக்கும் சோக்காகத்தான் இருக்கும். கருஞ்சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் சரிகை, இறுக்கின இடுப்பு. மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு ஊரில் அரங்கேற்றம். களரிக்குள் வரும்போது பாடுகிற வரவுப் பாட்டைப் பாடி இரண்டாவது சுற்று வரும்போதே ஆட்டக்காரப் பொடியனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. பாட்டின் கடைசிச் சொல் வாய்க்குள்ளேயே நின்றது; பிற்பாட்டுக்காரர் சமாளித்துவிட்டார்கள். விடிந்த பிறகு கூத்தைப் பழக்கின அண்ணாவியார் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, இவன்ட ஆட்டத்த ஒருநாளாவது பாத்தியா?" பார்க்கவில்லை. வீட்டுத் திண்ணையில் அசையாமல் நிற்கவைத்து அளவெடுத்ததோடு சரி.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் விடுகிற முதல் பிழை இதுதான். அரங்கேற்றத்துக்கு முன் கடைசி ஒத்திகையாக அடுக்குப் பார்க்கிற நாளில் போய் அளவெடுத்தால் பிந்திவிடும். ஆட்டக்காரர் பழக்கத்தில் முதன்முதல் சதங்கை கட்டின பிறகு கிழமைக்கு ஒருதரம் நடக்கிற ஒத்திகையான கிழமைக் கூத்துக்குப் போய் ஒரு இரவு முழுக்கக் குந்தியிருந்து பாருங்கள். இன்ன பாத்திரம் எத்தனை தரம் சுழலும், எங்கே பாயும், எங்கே முழங்கால் மடியும் என்று கொப்பியில் எழுதுங்கள். அளவெடுக்கும்போது ஆளைக் கை தூக்கச் சொல்லுங்கள், இரண்டு அடி பாடி ஆடச் சொல்லுங்கள். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி, அந்த நேரம் விலாவைச் சுற்றி நாடாவைப் போடுங்கள். இடுப்பளவு என்று எழுதவேண்டியது அதைத்தான்.

ஐரோப்பிய ஒப்பரா அரங்குகளில் உடுப்பு வடிவமைப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அங்கே மைக் இல்லாமல் ஒரு பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டிக் குரல் போகவேண்டும். விலா விரிய இடமில்லாத சட்டை பாட்டையே கெடுத்துவிடும். 1955இல் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் லா திராவியாத்தா என்ற ஒப்பராவைப் போட்ட நெறியாளர் விஸ்கொந்தி, கதை நடக்கும் காலத்தையே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு நகர்த்தினார். அந்தக் காலத்து உடை அதில் பாடின மரியா கல்லாஸின் உயரத்துக்கும் ஒடுங்கின உடம்புக்கும் எடுப்பாக இருக்கும் என்பது அவர் கணக்கு. உடைகளை வடிவமைத்தவர் லீலா டி நோபிலி. நாங்கள் துரியோதனனின் யுகத்தை மாற்ற ஏலாது, இடுப்புப்பட்டியையாவது தளர்த்தலாம்.

அடுத்தது, கூத்தின் இரண்டு வகைகளான வடமோடியையும் தென்மோடியையும் கலந்து தைப்பது. வடமோடி அரசனுக்குக் கூடைபோல் விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் தலையில் வைக்கிற பெரிய முடியும் பாரம். ஆட்டமும் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டே அமைந்தது. தென்மோடி உடுப்பு இலேசு, அதன் ஆட்ட நுணுக்கம் காலில் தெரியவேண்டும். தொலைக்காட்சி மகாபாரதத்தைப் பார்த்து இரண்டுக்கும் ஒரே ஜரிகைச் சட்டையைத் தைத்தால், பார்க்கிற பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும், சொல்லமாட்டார்கள். எந்த மோடியானாலும் கீழ் ஓரம் சதங்கைக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும். துணி சதங்கையை மூடினால் சத்தம் அமுங்கும், சிக்கினால் ஆள் விழுவான்.

பின்பக்கத்தை மறக்கிறவர்கள் அநேகம். கூத்து ஆடுகிற வட்டக்களரியில் சுற்றிவர ஆட்கள் இருக்கிறார்கள். முன்னுக்குக் கண்ணாடியும் மணியும் பதித்துவிட்டுப் பின்னுக்கு வெறுந்துணியாக விட்டால், அரைவாசிப் பேர் பார்ப்பது தையல் மடிப்பைத்தான். இந்தப் பழக்கம் முன்பக்கம் மட்டும் ஆட்கள் இருந்து பார்க்கிற படச்சட்ட மேடையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன், ஊரில் விடியவிடிய ஆடின கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அந்த மேடைக்குக் கொண்டுபோனார். எங்கள் மட்டக்களப்புப் பேராசிரியர் மௌனகுரு அதில் ஆடியவர். அது கூத்துக்குக் கிடைத்த பெரிய வாழ்வு. ஆனால் ஊர்க் களரிக்குத் தைக்கும்போது அந்த மேடையை மனதில் வைத்துக்கொண்டு தைக்காதீர்கள்.

முடி விஷயத்தில் அவசரம் வேண்டாம். சூட்டுப் பசையால் ஒட்டின மணிகள் வெயிலுக்குள் லொறியில் வரும்போதே கழன்று விழும். ஊசியால் கோத்துக் கட்டுங்கள். உள்ளுக்குப் பஞ்சு வைக்கிறார்கள், அது வேர்வையில் ஊறிக் கட்டிபட்டுவிடும். எங்கள் அம்மாமார் குடம் தூக்கத் தலையில் வைத்த சும்மாடுதான் எனக்கு வழி காட்டியது. பழைய பருத்திச் சேலைத் துண்டைச் சும்மாடுபோல் சுருட்டி, முடிக்குள் நாலு இடத்தில் தையலிட்டு நிறுத்துங்கள். கழற்றித் தோய்க்கலாம், ஆளுக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கலாம். தலையை உலுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், அசையக்கூடாது.

வெல்வெட்டுக்கு உள்ளே பருத்தி கொடுங்கள், மற்றது தையலோரத்தில் இரண்டு விரல் துணி கூடுதலாக மடித்து விடுங்கள். ஒப்பரா அரங்குகளிலும் அப்படித்தான்: ஒரே உடுப்பைப் பல வருடம் பல பாடகர் போடுவார்கள், பிரித்துப் பெருப்பிக்கத் துணி வேண்டும். இங்கேயும் இந்த வருசத்து அருச்சுனன் அடுத்த வருசம் வீமனுக்குத் தன் உடுப்பைக் கொடுப்பான்.

காசுக் கதையைக் கடைசிக்கு விடாதீர்கள். துணிக்காசை முன்கூட்டி வாங்கி, கூலியைத் தனியாக எழுதிக் கொடுங்கள். கோயில் கூத்துக்குச் சும்மா செய்து கொடுக்க விருப்பமென்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

உங்கள் வேலையைப் பிறருக்குக் காட்டப் படம் எடுக்கும்போது கொடியில் தொங்குகிற உடுப்பை எடுக்கவேண்டாம். ஆள் சுழலும்போது ஒரு நிமிட வீடியோ போதும். அந்தத் துரியோதனன் உடுப்பை இடுப்பு பிரித்து, பக்கத்துக்கு ஒரு துண்டு வைத்துத் திரும்பத் தைத்தேன். அடுத்த கூத்தில் பொடியன் அந்த வரவின் கடைசிச் சொல்லைப் பாடி முடித்தான். நான் எடுத்த வீடியோவில் அவன் முதுகுதான் தெரிகிறது.