மோதல் வரைபடம்: இரண்டு தாள் போதாது

சமாதானக் கல்வி ஆய்வேட்டுக்காக, மீனவர் மோதலைப் படிக்க ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் வந்தால் முதல் கேள்வி, “இன்னைக்கு யாருக்குக் கடல்?” பாக் விரிகுடாவில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று முறை உண்டு. கரையில் இருப்பவர்களிடம்தான் நிதானமாகப் பேச முடியும். மீன் ஏலம் நடக்கும்போது யாரிடமும் நோட்டை நீட்டாதீர்கள்.

மோதல் வரைபடம் என்பது எந்தத் தரப்புக்கு என்ன வேண்டும் என்று வரைந்து பார்ப்பது. தரப்புக்கு ஒரு தாள், தாளுக்கு 3 வட்டம்: வெளியே நிலைப்பாடு (வாயால் சொல்வது), நடுவே நலன் (உண்மையில் விரும்புவது), உள்ளே தேவை (இல்லாமல் முடியாதது). சொன்ன வார்த்தையை அப்படியே வெளிவட்டத்தில் எழுதுங்கள். உள்வட்டம் முதல் சந்திப்பிலேயே நிரம்பிவிட்டால் பெரும்பாலும் அது உங்கள் ஊகம்.

பலர் சறுக்குவது எங்கே என்றால், ‘விசைப்படகு’ என்று ஒரே தாள் போடுவதில். எல்லை தாண்டிப் பிடிபட்டால் படகு போவது முதலாளிக்கு, சிறை கூலிக்குப் போனவருக்கு. இரண்டு பயமும் ஒன்றல்ல. வல்லம் என்ற நாட்டுப்படகில் போகும் வல்லக்காரர், கடற்பாசி எடுக்கும் பெண்கள், விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகும் இழுவைமடியில் வலை அறுபடும் யாழ்ப்பாண, மன்னார் மீனவர் ஆகியோருக்கும் தனித்தனித் தாள். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்தது. அது ஏன் என்று தெரியாமல் கச்சத்தீவை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் வரைபடம் பாதிதான்.

ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லிக் கருத்துக் கேட்கவே வேண்டாம். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.