கம்ப்ரஸரின் உலர் வாயு சீல்: அழுத்தம் ஏற்றும்போதும் இறக்கும்போதும் கவனிக்க வேண்டியவை

இயற்கை எரிவாயுவைக் குழாய்வழி அனுப்பும் சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரஸர்களில் இன்று டேண்டம் வகை (ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீல்) உலர் வாயு சீல்கள்தான் வழக்கம். ஷாஃப்டை ஒட்டி வாயு வெளியே கசியாமல் தடுப்பது இவற்றின் வேலை. ஷாஃப்டோடு சுழலும் வளையத்தின் முகத்தில் சில மைக்ரான் ஆழத்துக்குச் சுருள் பள்ளங்கள் இருக்கும். எதிரே, ஸ்பிரிங் முன்தள்ளும் சுழலாத வளையம். வேகம் ஏறும்போது பள்ளங்கள் வாயுவை உள்நோக்கி இழுக்கும். பள்ளமில்லாத அணைப்பகுதி அதைத் தடுப்பதால் அழுத்தம் கூடி, முகங்கள் 3 முதல் 5 மைக்ரான் விலகி நிற்கும். இடைவெளி குறுகினால் விலக்கும் விசை கூடும், அகன்றால் குறையும். படலத்தின் விறைப்பு என்பது இதுதான். கசிவோ இடைவெளியின் முப்படிக்கு ஏற்ப மாறும்: 3 மைக்ரான் 6 ஆனால் கசிவு 8 மடங்கு.

முழு வேகத்தில் சீல் நன்றாகவே தாங்கும். 12,000 ஆர்பிஎம்மில் சுழலும் முகத்துக்கு 10 மைக்ரான் ஆட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம் (டயல் காட்டும் மொத்த அளவு). எதிர்வளையம் அதைப் பின்தொடரத் தேவைப்படும் உச்ச முடுக்கம் சுமார் 8 மீ/வி². வளையம் அரைக் கிலோ எடை என்றால் விசை 4 நியூட்டன்தான். விறைப்பான படலத்துக்கு இது பொருட்டே அல்ல. பெரிய எதிரி, வளையத்தின் பின்னால் இருக்கும் ஓ-ரிங் அல்லது ஸ்பிரிங் வைத்த டெஃப்லான் சீலின் உராய்வு. அழுத்தம் குறைந்திருக்கும்போது வளையத்தை முன்தள்ள ஸ்பிரிங்கைத் தவிர ஏதுமில்லை. அழுக்கு சேர்ந்து உராய்வு அதை மிஞ்சினால், வளையம் ஷாஃப்டைத் தொடராமல் பின்னாலேயே சிக்கிக்கொள்ளும். ஹேங்-அப் என்பது இதுதான். எனவே ஸ்டார்ட், ஸ்டாப், அழுத்தத்தோடு நிற்கும் நேரம் ஆகிய மூன்றிலும்தான் கவனம் முழுவதும் வேண்டும்.

பொருத்தும்போது முதலில் சுழற்சித் திசையைப் பாருங்கள். சுருள் பள்ளம் ஒரு திசைக்கு மட்டுமே. டிரைவ் பக்கத்துக் கார்ட்ரிட்ஜும் (முழு சீல் தொகுதி) மறுபக்கத்துக் கார்ட்ரிட்ஜும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும். மாற்றிப் போட்டால் முகங்கள் தூக்காது. ஓ-ரிங்குக்கு மெல்லிய பூச்சாகவே கிரீஸ் போடுங்கள், மிஞ்சியது பள்ளங்களுக்குள் போய்ச் சேரும். ரோட்டாரைக் கையால் சுற்றும் முன் பொருத்தும்போது சீலை அசையாமல் பிடித்திருக்கும் செட்டிங் பிளேட்டைக் கழற்றிவிட்டீர்களா என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் செபரேஷன் சீலுக்கு (பேரிங் எண்ணெய் வாயு சீலுக்குள் வராமல் பிரித்து வைப்பது) நைட்ரஜன். அதற்குப் பிறகுதான் லூப் ஆயில் (பேரிங் மசகு எண்ணெய்) பம்ப். முந்திக்கொண்டால் எண்ணெய் ஆவி இரண்டாவது சீலுக்குள் ஏறிவிடும். அடுத்து, கேஸிங்கில் அழுத்தம் ஏற்றுவதற்கு முன்பே சீலுக்குள் செலுத்தும் வடிகட்டிய வாயுவான சீல் கேஸைத் திறந்துவிடுங்கள். ஃபில்டர் 3 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணியதாக இருக்கட்டும். சீலுக்கும் கம்ப்ரஸருக்கும் இடையிலுள்ள உள் லேபிரிந்த் (பல்வரிசைத் தடுப்பு) தேய்ந்து இடைவெளி இரட்டிப்பானாலும் அதன் வழியே கம்ப்ரஸருக்குள் பாயும் வேகம் 5 மீ/வி-க்குக் குறையாதபடி கன்ட்ரோல் வால்வை அமையுங்கள்.

வெப்பநிலைதான் பலரும் தவறவிடும் இடம். சீல் கேஸ் வழி நெடுக எங்கும் பனிப்புள்ளியைவிட (வாயு திரவமாகத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 20 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும். அழுத்தம் இறங்கும்போது இயற்கை எரிவாயு ஒரு பாருக்கு ஏறக்குறைய அரை டிகிரி குளிரும். முகங்களுக்கு இடையே 60 பார் இறங்கினால் 30 டிகிரி வரை போய்விடும். ஓடும்போது படலத்தின் உராய்வு வெப்பம் அதை ஓரளவு ஈடுகட்டும், நின்றுவிட்டால் அதுவும் இல்லை. ஃபில்டருக்குப் பின் உலர்ந்தே இருந்த வாயு முகங்களுக்கு நடுவே திரவமாவது இப்படித்தான். ஹீட்டர் தேவையா என்பதை நிற்கும் நிலைக்கும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

அழுத்தம் ஏறியதும், சுழற்றும் முன், இரு பக்கத்து பிரைமரி வென்ட் (முதல் சீலைத் தாண்டிய வாயு வெளியேறும் வழி) கசிவையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் எல்லா ஒப்பீட்டுக்கும் அடிப்படை இதுதான். டர்பைன் டிரைவ் என்றால் சூடேற்றும் ஸ்லோ-ரோல் வேகம், தயாரிப்பாளர் தந்த லிஃப்ட்-ஆஃப் வேகத்துக்கு (முகங்கள் விலகத் தொடங்கும் வேகம்) மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே மணிக்கணக்கில் சுற்றினால் முகங்கள் உரசித் தேயும்.

மெஷின் ட்ரிப் ஆனால் (திடீரென நின்றுவிட்டால்) டிஸ்சார்ஜ், சக்ஷன் இரண்டும் ஒரே அழுத்தத்துக்கு வந்துவிடும். டிஸ்சார்ஜிலிருந்து எடுக்கும் சீல் கேஸுக்கு அப்போது தள்ளும் வலு இருக்காது. வடிகட்டாத வாயு நேராகச் சீலுக்குள் நுழையும். பல சீல்கள் அழிவது இங்கேதான். சீல் கேஸின் அழுத்தத்தை உயர்த்தும் பூஸ்டர் தானாக ஓடத் தொடங்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து உலர் வாயு வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கேஸிங்கின் அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். அதையும் ஒரேயடியாக இறக்கக் கூடாது. வேகமாக இறக்கினால் ஓ-ரிங்குக்குள் ஊறிய வாயு உள்ளேயே விரிந்து ரப்பரைக் கிழிக்கும். தயாரிப்பாளர் வரம்பை மீறாதீர்கள். 20 பார்/நிமிடம் என்பது பரவலாக வைக்கப்படும் உச்சம். லூப் ஆயில் நின்று, முழுதும் வடிந்த பிறகே நைட்ரஜனை மூடுங்கள்.

கசிவின் போக்கைப் படிப்பது இப்படி:

- வாரக்கணக்கில் மெல்ல ஏறினால் அழுக்கு அல்லது ஓ-ரிங் சேதம்.
- ஒரு ஷட்டவுனுக்குப் பிறகு உயர்ந்து, பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால் ஹேங்-அப்.
- ரோட்டாரின் அச்சுவழி நகர்வோடு சேர்ந்து ஏறி இறங்கினால் சர்ஜையும் (வாயு ஓட்டம் பின்னோக்கித் திரும்பும் நிலை) அச்சுவழித் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கையும் முதலில் பாருங்கள்.
- பிரைமரி வென்ட் ஓட்டம் திடீரெனக் குறைந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். இரண்டாவது சீல் பழுதாகி வாயு அந்த வழியே போகலாம். இரண்டாவது சீலுக்குப் பின்னுள்ள செகண்டரி வென்ட்டில் எரிவாயு இருக்கிறதா என்று உடனே சோதியுங்கள்.

கழற்றிய சீலைத் துடைக்காமல், பிளாஸ்டிக்கில் மூடி அப்படியே ரிப்பேருக்கு அனுப்புங்கள். பள்ளங்களில் படிந்திருப்பது எண்ணெயா, இரும்புத்துகளா, உறைந்த ஹைட்ரோகார்பனா என்று தெரிந்தால்தான் கோளாறு நைட்ரஜன் பக்கமா, ஃபில்டரா, வெப்பநிலையா என்று பிடிக்க முடியும்.