பழைய பாலத்தின் பீமில் துரு: பலத்தைக் கணிக்கும்போது செய்யும் தவறுகள்

பழைய பாலத்தின் கான்கிரீட் பீமில் (பாரம் தாங்கும் உத்திரத்தில்) உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின் துருக்கறை தெரிந்தால் பலரும் முதலில் கேட்பது, "எத்தனை சதவீதம் துரு?" என்பதுதான். கம்பி முழுவதற்குமான அந்தச் சராசரியை வைத்தே பலத்தைக் கணக்கிடுவதும் வழக்கம். கார்பன் டை ஆக்சைடு ஊடுருவி கான்கிரீட்டில் கம்பியைக் காக்கும் காரத்தன்மை குறைந்திருந்தால் சராசரி ஓரளவு உதவும், ஏனென்றால் அப்போது கம்பி ஏறக்குறைய சீராகவே தேயும். உப்பிலிருந்து வரும் குளோரைடு அப்படியில்லை. கம்பியின் பாதுகாப்புப் படலத்தை அங்கங்கே துளைத்து, அந்த இடத்தில் மட்டும் குழி பறிக்கும். குழியின் ஆழம் சராசரித் தேய்மானத்தைப் போல 4 முதல் 8 மடங்கு வரை போகலாம். கம்பி அறுவது அந்தக் குழியில்தான். கம்பியின் நீளும் தன்மையும் குறைந்திருப்பதால், பீம் தொய்ந்து எச்சரிக்கும் என்றும் நம்ப முடியாது.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய தவறு அடியில் ஓடும் தடித்த கம்பிகளை மட்டும் பார்ப்பது. அவற்றைச் சுற்றிக் கட்டிய ஸ்டிரப் வளையங்கள்தான் மேற்பரப்புக்கு மிக அருகில் இருப்பவை, மெல்லியவையும் கூட. கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் 1 மி.மீ. அரித்தால் 25 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு சுமார் 15 சதவீதம் குறையும். அதே 1 மி.மீ., 8 மி.மீ. வளையத்தில் 44 சதவீதத்தைத் தின்றுவிடும். பீமைக் குறுக்கே வெட்டுவதுபோல் தள்ளும் வெட்டுவிசையைத் தாங்குவதில் வளையங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வெட்டுவிசையில் உடையும் பீம் திடீரென்றுதான் உடையும்.

அப்புறம், பீமின் நடுப்பகுதியை மட்டும் சோதித்துவிட்டுப் போவது. மேலே உள்ள விரிவு இணைப்பு (வெப்பத்தில் பாலம் நீள விட்ட இடைவெளி) ஒழுகினால் தண்ணீர் நேராக பீமின் முனையில்தான் இறங்கும். வெட்டுவிசை பொதுவாக உச்சத்தில் இருப்பதும், கீழ்க்கம்பி கான்கிரீட்டைப் பற்றி நங்கூரமிட்டிருப்பதும் அங்கேதான். துரு, தான் தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அதனால் கான்கிரீட் பிளந்து, கம்பி முழுசாக இருந்தாலும் பிடிப்பு போய்விடலாம்.

கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் அரைமின்கலச் சோதனையில் −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வந்தால் துரு வேகமாக ஓடுகிறது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண் அரிப்பு நடக்கும் வாய்ப்பைத்தான் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. தண்ணீரில் ஊறிய கான்கிரீட்டில் வாய்ப்பைப் பற்றிச் சொல்வதும் பிசகலாம்.

பழுதுபார்ப்பிலும் ஒரு கோளாறு உண்டு. உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக்கலவை பூசினால், ஓரிரு ஆண்டுகளில் அதன் ஓரத்திலேயே துரு கிளம்பக்கூடும். முன்பு துருப்பிடித்த இடம் நேர்முனையாக (ஆனோடு, அதாவது அரிப்பைத் தானே ஏற்கும் பகுதியாக) இருந்து பக்கத்துக் கம்பியைக் காத்துவந்தது. அது சரியானதும் குளோரைடு ஏறிய பழைய கான்கிரீட்டில் உள்ள கம்பி மாட்டிக்கொள்கிறது. கம்பியின் பின்பக்கமும் 20 மி.மீ. அளவுக்காவது கொத்தி எடுக்க வேண்டும். முட்டுக்கொடுக்கத் தேவையா என்று பார்க்காமல் கொத்தத் தொடங்கவும் கூடாது.

விரிசல் இல்லை, ஆகவே பயமில்லை என்ற முடிவு முன்தகைவு பீம்களுக்கு (உள்ளே கம்பிகளை இழுத்து இறுக்கியவை) சுத்தமாகப் பொருந்தாது. வேல்ஸில் இருந்த ஈனிஸ்-அ-குவாஸ் பாலம் 1985இல் முன்னறிகுறி எதுவும் காட்டாமல் இடிந்தது. உள்ளே இறுக்கிக் கட்டிய கம்பிகள், பீமின் துண்டுகள் சேரும் இணைப்புகளில் அரித்துப் போயிருந்தன. இப்படிப்பட்ட பாலத்தில் வெளித்தோற்றத்தோடு நிறுத்தாமல், இணைப்புகளைத் திறந்து கம்பியை நேரில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.