போர்ட்டிகோவில் எண்ணெய்க் கறை: போக்குகிறேன் என்று நாம் செய்யும் தவறுகள்

வண்டியை நகர்த்திய பிறகுதான் கண்ணில் படும், தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஆயில். பெரும்பாலான வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். தோட்டத்துக் குழாயில் ஹோஸைச் செருகி, வேகமாகத் தண்ணீர் அடிப்பார்கள். முதல் தவறே அதுதான். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. தண்ணீர் பட்டதும் மேலே ஏறி மிதந்து, ஓடுகிற வழியெல்லாம் மெல்லிய படலமாகப் படிந்துகொண்டே போகும். ஓர் இடத்தில் இருந்த கறை வாசல் வரைக்கும் போய்ச் சேரும்.

சிமெண்ட் தரை பார்க்க இறுகிக் கிடந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். கலவையில் சேர்த்த தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகிப் போனபோது விட்டுச் சென்ற வழிகள் அவை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தத் துளைகளும் இழுக்கும். அதனால் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது எண்ணெயை மேலே கொண்டு வருமா, கீழே தள்ளுமா? கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை கீழே தள்ளும் வகைதான்.

ஈரமாகக் கிடக்கும் ஆயிலைத் துணியால் தேய்க்கக் கூடாது. தேய்க்கத் தேய்க்க உள்ளேதான் இறங்கும். பழைய செய்தித்தாளைப் போட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். அப்புறம் மரத்தூளோ, உமியோ, காய்ந்த மணலோ, கோலமாவோ, எது கைக்குக் கிடைக்கிறதோ அதைக் கறையின் விளிம்பிலிருந்து நடுப்பக்கமாகக் கனமாகத் தூவுங்கள். ஐந்து நிமிடத்தில் கூட்டித் தள்ளிவிடுவது இன்னொரு பரவலான தவறு. ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும். காலையில் பொடி கறுத்து, கட்டி கட்டியாக இருந்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். கூட்டிவிட்டு இன்னொரு முறை தூவுங்கள். சிலர் சிமெண்ட் தூளையே போடுவார்கள். நன்றாக உறிஞ்சும்தான், ஆனால் இரவில் தூறல் விழுந்தால் காலையில் தரையோடு தரையாக இறுகியிருக்கும். மழை நாளில் அது வேண்டாம்.

அடுத்து பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர். மெக்கானிக் கடையில் செயின், கார்புரேட்டர் எல்லாவற்றையும் பெட்ரோலில்தானே கழுவுகிறார்கள் என்று கேட்கலாம். இரும்பு எண்ணெயைக் குடிக்காது. கரைந்த அழுக்கு அடியில் இருக்கும் தட்டில் சொட்டிவிடும். சிமெண்ட் தரையில் கரைந்த ஆயிலுக்குப் போக்கிடம் கீழேதான். கெட்டியாக மேலே நின்றிருந்ததை நீர்க்கச் செய்து, நாமே ஆழத்துக்கு அனுப்பிவைக்கிறோம். மேலே வெளுத்ததுபோல் தோன்றும். வாசனை போனதும் கறை திரும்ப மேலே எட்டிப்பார்க்கும். தீ விபத்து பயம் தனி. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். நம்மூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து சம்ப் பக்கம் போய்த் தங்கும். பல வீடுகளில் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் இருப்பதும் அங்கேதான்.

இத்தனையிலும் மோசமானது ஆசிட். பாத்ரூம் கழுவ வாங்கிவைத்த ஆசிட்டைக் கறை மேல் ஊற்றுவார்கள். புஸ்ஸென்று நுரை பொங்கும், கறை கரைகிறது என்று மனசு நம்பிவிடும். பொங்குவது கறை அல்ல, தரை. அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து அதை அரிக்கிறது. வருகிற நுரை கரியமில வாயு. எஞ்சின் ஆயிலை அமிலம் ஒன்றும் செய்வதில்லை. சொல்லப்போனால் ஆயில் கனமாகப் படிந்த இடத்தில் அமிலம் தரையைத் தொடக்கூட முடியாது. அதனால் கறையைச் சுற்றியுள்ள நல்ல தரை வெளுத்து, நடுவில் கறை முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். மேல்பூச்சு அரிக்கப்பட்ட இடத்தில் காலை வைத்தால் மணல் நறநறக்கும். துளைகள் அகலமாகிவிட்டதால் அடுத்த சொட்டு இன்னும் சுலபமாக இறங்கும். கடப்பா கல் பதித்த வீடென்றால் நிலைமை இன்னும் மோசம். அது சுண்ணாம்புக் கல் வகை. ஒரு முறை ஆசிட் பட்டால் அதன் வழவழப்பு போனது போனதுதான். பக்கத்தில் இரும்பு கேட்டோ ஸ்கூட்டரோ இருந்தால் ஆசிட் புகையிலேயே துரு ஏறத் தொடங்கும்.

எலுமிச்சை, வினிகர், கோலா பானம் என்று வீடியோக்களில் வருபவையும் இதே குடும்பம்தான், வீரியம் குறைவு என்பதைத் தவிர. கோலாவில் கூடுதல் பலன் ஒன்று உண்டு: எறும்பு வரும்.

ஆசிட் பலிக்கவில்லை என்று மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது உயிருக்கே ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூன்று பக்கம் சுவர் உள்ள போர்ட்டிகோவில் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் மூச்சுக்குள் அது நேராகப் போகும். பிளீச்சிங் பவுடருக்கு ஆயிலை எடுக்கும் சக்தியும் கிடையாது.

சரி, எதுதான் எடுக்கும்? உறிஞ்சும் வேலை முடிந்த பிறகு சோப்பு. எஞ்சின் ஆயில் கனிம எண்ணெய். சோப்பு அதைத் துளித்துளியாக உடைத்துத் தண்ணீரோடு கலந்து வரச் செய்கிறது. துணி துவைக்கும் பவுடரோடு சலவை சோடா சேர்த்துச் சுடுதண்ணீரில் குழைத்துக் கறை மேல் பூசுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சலவை சோடா தோலை எரிக்கும். அதற்குப் பதில் ஆப்ப சோடாவைப் போட்டுவிட்டுப் பலன் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது மிகவும் மென்மையானது, இந்த வேலைக்குப் போதாது. சின்னக் கறைக்குச் சீயக்காய்த்தூளே போதும். பூசியதும் தேய்த்துக் கழுவிவிடாமல் அரை மணி நேரம் விடுங்கள். நடுவில் காயாமல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். உச்சி வெயிலில் இந்த வேலையைத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் காய்ந்து வெள்ளைப் படிவம்தான் மிஞ்சும்.

தேய்க்க நைலான் பிரஷ்ஷோ தென்னங்குச்சி விளக்குமாறோ போதும். இரும்புக் கம்பி பிரஷ் வேகமாக வேலை செய்வதுபோல் இருக்கும். அதன் கம்பித் துணுக்குகள் துளைகளில் மாட்டிக்கொண்டு, அடுத்த மழைக்குப் பிறகு துருக்கறையாக முளைக்கும். பிரஷர் வாஷரை மிக அருகில் வைத்து அடித்தாலும் மேல்பூச்சு பெயரும். பேவர் பிளாக் தரை என்றால் இடுக்கில் இருக்கும் மணல் வெளியேறி, கற்கள் ஆடத் தொடங்கும்.

தரை ஈரமாக இருக்கும்போதே கறை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நனைந்த சிமெண்ட் முழுக்கவே கறுப்பாகத் தெரிவதால் கறை அதில் ஒளிந்துகொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தரை அதைக் குடித்து ஈரமானால் சுத்தம். முத்துப்போல் உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து மங்கலாக மறுபடி தெரிந்தால் பதற வேண்டாம், ஆழத்தில் இருந்த எண்ணெய் மேலே வருகிறது. அதற்குப் பற்று போட வேண்டும். முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி இதற்கு அருமையான பொருள். இந்த வகைக் களிமண்ணை வைத்துத்தான் ஒரு காலத்தில் கம்பளித் துணியின் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார்கள். பாத்திரம் கழுவும் லிக்விடில் அதைக் குழைத்து அரை விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். அப்புறம் தாளை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டுங்கள். பழைய கறைக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

பலர் யோசிக்காத விஷயம், கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பது. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பல வீடுகளில் போர்ட்டிகோ சரிவு முடியும் இடத்தில், கேட்டுக்கு அடியில், கம்பி வலை போட்ட வாய்க்கால் இருக்கும். அது போய் விழுவது சேகரிப்புக் குழியில். அங்கே போகும் ஆயில் நம் வீட்டுக் கிணற்றுக்கும் போருக்கும் போவதாகத்தான் கொள்ள வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் மணல் மூட்டை ஒன்றை வைத்து அந்த வாயை அடைத்துக்கொள்ளுங்கள். சோப்பு நுரையை ஓடவிடாமல் பழைய துணியாலோ உமியாலோ ஒற்றி எடுத்து விடுங்கள். ஆயில் குடித்த உமியைச் செடிக்குப் போடுவதும் கூடாது, குப்பையோடு கொளுத்துவதும் கூடாது.

கறை போகவில்லை என்றால் மேலே ஒரு கோட் சிமெண்ட் பால் பூசிவிடலாம் என்று கொத்தனார் சொல்வார். எண்ணெய் மேல் சிமெண்ட் பிடிக்காது. சில மாதங்களில் ஏடு ஏடாக உரியும். பெயிண்ட்டும் அப்படித்தான். பேவர் பிளாக் போட்டவர்களுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: கறை பட்ட கல்லைப் பெயர்த்து, பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் கல்லோடு மாற்றிவிடலாம்.

எல்லாக் கறையும் எஞ்சின் ஆயில் அல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ வழுவழுவென்று இருந்தால் கூலன்ட்டாக இருக்கலாம். அது தண்ணீரில் கரையும், ஆனால் இனிப்புச் சுவை உள்ள விஷம். நாயோ பூனையோ நக்குவதற்குள் ஒற்றி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். கார்த்திகை தீபத்தன்று படியில் வழிந்த நல்லெண்ணெய்க்குச் சலவை சோடா இன்னும் நன்றாக வேலை செய்யும். மாதக்கணக்கில் விட்டால் அது பிசின்போல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மறுநாளே கழுவிவிடுவது நல்லது.

கசிவை நிறுத்தாமல் தரையைச் சுத்தம் செய்வது வீண் வேலை. வண்டியை நிறுத்தி அடியில் ஓர் அட்டையை விரித்துவையுங்கள், சொட்டு விழும் இடம் காலையில் தெரியும். எஞ்சினுக்கு நேர் கீழே என்றால் ஆயில் மாற்றியபோது டிரெயின் போல்ட்டில் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கலாம். பைக்கின் முன் சக்கரப் பக்கம் என்றால் ஃபோர்க் ஆயில் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியென்றால் தரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.